படவில் இடம் கேட்டவன்

பிப்ரவரி 16, திங்கள்

அத்தானை இன்று வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் மூன்று மாதம், அதன் பிறகு தென்காசிப் பக்கம் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் ஏழு மாதம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வழி முழுவதும் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். சுகிர்தவிளை நிறுத்தத்தில் இறங்கியதும், "புதுசா ஒரு செல் டவர் வந்துருக்கு" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

இந்த டைரி டாக்டர் எழுதச் சொன்னது. தூக்கம், சாப்பாடு, மாத்திரை, பேச்சு என்று தினமும் குறித்து, அடுத்த முறை வரும்போது கொண்டுவரச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து இத்தனை வருஷம் முட்டைக் கணக்கு எழுதுகிறவளுக்கு இது பெரிய வேலை இல்லை.

சாப்பாடு: சோறு, முருங்கைக்காய்ச் சாம்பார், நன்றாகச் சாப்பிட்டார். மாத்திரை: போட்டார். பேச்சு: தையல் மிஷின் உறையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எண்ணெய் போட்டியா?" என்று கேட்டார். போட்டிருந்தேன்.

கல்யாணமானதிலிருந்து நாங்கள் இருவரும் படுத்த முன் அறை இப்போது அவருக்கு. நான் அடுக்களையை ஒட்டிய சின்ன அறைக்கு மாறிக்கொண்டேன். அங்கேதான் காற்று நன்றாக வருகிறது.

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

லெந்து, நாற்பது நாள் தபசுகாலம், தொடங்கிவிட்டது. ஆராதனை முடிந்ததும் பெண்கள் சங்கக் கூட்டம். இந்த வருஷம் லெந்து வெள்ளிக்கிழமைகளில் வாரம் ஒரு பெண் ஒரு சுவிசேஷக் கதையை எடுத்து விளக்க வேண்டும். எங்கள் சபைப் போதகரின் மனைவி, ஐயரம்மா, சீட்டுப் போட்டார். எனக்கு மார்ச் 27 விழுந்தது. கல்லறைகளில் குடியிருந்த மனுஷனிடமிருந்து இயேசு பிசாசுகளைத் துரத்திய கதை.

ஐயரம்மா அதை வாசித்ததும் பெண்கள் யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் ஃபேனைப் பார்த்தார்கள்.

"வேணும்னா மாத்திக்கலாம் எப்சிபாய்" என்றார் ஐயரம்மா.

"எதுக்கு? எனக்கு நல்லாத் தெரிஞ்ச கதைதானே" என்றேன். சொன்ன பிறகுதான் அது வேறு மாதிரி ஒலித்தது தெரிந்தது.

பிப்ரவரி 19, வியாழன்

தூக்கம் நன்று. சாப்பாடு நன்று. மாத்திரை சரி. பேச்சு குறைவு. குழாயில் தண்ணீர் வரவில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

பள்ளிக்கூடம் விட்டு வந்து கதையை ஒரு தடவை வாசித்தேன். சின்னக் கதைதான். கடலுக்கு அக்கரையில் ஒருவன் கல்லறைகளுக்குள்ளே அலைகிறான். சங்கிலி போட்டாலும் அறுத்துவிடுகிறான். கல்லெடுத்துத் தன்னைத்தானே கீறிக்கொள்கிறான். இயேசு அவனிடம் பெயர் கேட்கிறார். லேகியோன் என்கிறான், உள்ளே பல பேர் இருக்கிறோம் என்கிறான். பிசாசுகள் அவனை விட்டு ஒரு பன்றிக் கூட்டத்துக்குள் போக, பன்றிகள் எல்லாம் கடலில் விழுந்து செத்துப்போகின்றன. ஊர்க்காரர்கள் ஓடி வந்து பார்க்கிறார்கள். அவன் துணி உடுத்தி, புத்தி தெளிந்து, அமைதியாக உட்கார்ந்திருக்கிறான். அதைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். இயேசுவை எங்கள் ஊரை விட்டுப் போய்விடும் என்கிறார்கள். அவர் படவில் ஏறும்போது அவன், நானும் கூட வருகிறேன் என்று கெஞ்சுகிறான். அவர் வேண்டாம் என்கிறார். உன் வீட்டாரிடம் போ என்று அனுப்பிவிடுகிறார்.

கோவில் அலமாரியில் இருந்து ஒரு பழைய வியாக்கியானப் புத்தகம் வாங்கி வந்தேன். அதில் பன்றிகளைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறது. அந்த ஊருக்கு ஒரு மனுஷனைவிடப் பன்றிகள் பெரிதாய்ப் போயின, நமக்கும் நம் ஆஸ்திகள் அப்படியே என்று. குறித்துக்கொண்டேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

அத்தான் கோவிலுக்கு வந்தார். சலவைச் சட்டை, கஞ்சி போட்ட வேட்டி. ஆண்கள் பக்கம் கடைசிக்கு முந்தின பெஞ்சில் உட்கார்ந்தார். திருவிருந்து எடுக்க முழங்காலிட்டபோது அவருக்கு இரண்டு பக்கமும் ஆள் இல்லை. இன்று கூட்டம் குறைவு, அதனால் இருக்கும்.

வெளியே வந்ததும் நிறையப் பேர் விசாரித்தார்கள். "என்ன தவசிங், சொகமா?" என்று கேட்டுக்கொண்டே நடந்தார்கள். அத்தான் பதில் சொல்லும்போது அவர்கள் கேட்டைத் தாண்டியிருந்தார்கள்.

பிப்ரவரி 24, செவ்வாய்

அத்தான் மிஷினில் உட்கார்ந்து என் பழைய சேலையில் இரண்டு தலையணை உறை தைக்கப் பார்த்தார். கத்திரிக்கோல் எங்கே என்று கேட்டார்.

"சாணை பிடிக்கக் கொடுத்துருக்கேன்" என்றேன்.

"யார்ட்ட?"

"பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நிப்பாம்லா, அவன்ட்ட."

"அவன் உடனே பிடிச்சுக் கொடுத்துருவானே."

"கூட்டமா இருந்து. பெறவு வாங்கிக்கிடலாம்னு வந்துட்டேன்."

"சரி" என்றார். துணியைப் பல்லால் கடித்துக் கிழித்துத் தைத்தார். ஓரம் கோணல்.

பிப்ரவரி 27, வெள்ளி

போதகர் எபனேசர் ஐயர் வீட்டுக்கு வந்தார். இளம் வயது, நன்றாகப் படித்தவர். என் பாடத்துக்கு உதவட்டும் என்று அவரே இரண்டு புத்தகம் கொண்டுவந்தார். முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். அத்தானும் கேட்டுக்கொண்டிருந்தார்.

லேகியோன் என்பது ரோமப் பட்டாளத்தின் பெயர் என்றார் ஐயர். அடிமைப்பட்ட ஜனத்தின் நெஞ்சுக்குள் ஒரு முழுப் பட்டாளம் ஏறி உட்கார்ந்திருக்கிறது, அதைத்தான் அவன் தன் பெயராகச் சொல்கிறான், பன்றிகள் கடலில் விழுந்தது அந்தப் பட்டாளத்தைக் கடலுக்கே திருப்பி அனுப்பியது போல. இன்னொன்றும் சொன்னார். "அந்தக் காலத்துல வியாதின்னு தனியாப் பேரு வைக்கத் தெரியாதும்மா. வலிப்பு, மனநோய், எல்லாத்தையும் பிசாசுன்னுதான் சொல்லுவாங்க. இயேசு அவங்க பாஷையில அவங்களுக்குச் சுகம் கொடுத்தாரு. அதனால மாத்திரை சாப்பிடுறதும் விசுவாசந்தான்."

அத்தான் தலையாட்டினார். பிறகு கேட்டார். "ஐயரே, பாட்டுக் குழு அங்கியெல்லாம் இந்த ஈஸ்டருக்குப் புதுசு தைக்கணும்லா. நான் தைக்கட்டுமா?"

ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த வருஷம் டவுன்ல ஆர்டர் கொடுத்தாச்சுண்ணே. அடுத்த வருஷம் கண்டிப்பா."

"சரிங்கய்யா."

ஐயர் நல்லவர். போகும்போது அத்தானுக்குக் கை கொடுத்தார்.

மார்ச் 1, ஞாயிறு

மகள் ஷைனி கோயம்புத்தூரிலிருந்து போன் பண்ணினாள். அவள் அப்பாவிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு என்னிடம் தரச் சொன்னாள். ஈஸ்டருக்குக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வா என்றேன். குழந்தைக்குச் சளி என்றாள். ஈஸ்டருக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது.

"ஒரு மாசமாவா சளி இருக்கும்?" என்றேன்.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அம்மா, நீங்க உறங்கிட்டு இருக்கும்போது அப்பா உங்க சடையை வெட்டினாங்க. அதுக்குள்ள ஏதோ ஊர்ந்து போகுதுன்னு. கத்திரிக்கோல் உங்க கழுத்துப் பக்கத்துல வந்துச்சும்மா. நீங்க மறந்துட்டீங்களா?"

"அது சீக்குல செஞ்சது" என்றேன். "இப்பதான் சொகமாயிட்டுல்லா."

"அப்ப உங்களுக்குப் பயமே இல்லையா?"

"எனக்கென்ன பயம்" என்றேன்.

முடி இப்போது தோளுக்குக் கீழே வந்துவிட்டது. தேங்காயெண்ணெய் வாங்க வேண்டும்.

மார்ச் 3, செவ்வாய்

சாணைக்காரன் கத்திரிக்கோலைக் கொடுத்துவிட்டான் என்று சொல்லி மிஷின் மேல் வைத்தேன். கைப்பிடியில் அரிசிப் பானைத் தவிடு வெள்ளையாய் ஒட்டியிருந்ததை நான் கவனிக்கவில்லை. அத்தான் வேட்டி நுனியால் அதைத் துடைத்தார். ஒரு நூலை வெட்டிப் பார்த்தார். "நல்லா பிடிச்சிருக்கான்" என்றார்.

தூக்கம் நன்று. சாப்பாடு நன்று.

மார்ச் 7, சனி

மைனி வந்தார். அத்தானுடைய மூத்த அக்கா, ஜெபமணி. அவர் எங்கள் கோவிலில் இல்லை, உடன்குடிப் பக்கம் ஒரு ஜெப வீட்டுக்குப் போகிறார். கூடவே அந்த ஜெப வீட்டுப் பாஸ்டரும் நான்கைந்து பேரும். நான் முன்கூட்டி எதுவும் கேள்விப்படவில்லை.

"ஏளா எப்சி, மாத்திரையால பிசாசு போவுமா?" என்று மைனி என்னிடம் அடுக்களையில் கேட்டார். "உறங்கித்தான் போவும். வீட்டைக் கூட்டிப் பெருக்கிச் சும்மா போட்டா, போனது ஏழு பேரைக் கூட்டிக்கிட்டு வரும்னு வேதத்துல இருக்கா இல்லையா? நீயே அந்தக் கதையைத்தான் படிப்பு நடத்தப் போறியாம். படிச்சுமா தெரியல?"

ஐயர் சொன்னதைச் சொல்ல வாயெடுத்தேன். ரோமப் பட்டாளத்தை மைனியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் காப்பி ஆற்றினேன்.

அத்தான் மறுப்புச் சொல்லவில்லை. அவர்கள் சொன்ன இடத்தில் முழங்காலிட்டார். நெற்றியில் எண்ணெய் பூசினார்கள். பாட்டும் சத்தமுமாய் ஏறிக்கொண்டே போனது. பாஸ்டர் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு, "உன் பேரு என்ன? சொல்லு, உன் பேரு என்ன?" என்று கேட்டார்.

"தவசிங்" என்றார் அத்தான்.

"உன் பேரைக் கேக்கல. உள்ள இருக்கவன் பேரைக் கேக்குதேன்."

"உள்ளயும் நாந்தான் இருக்கேன்."

மறுபடி மறுபடி கேட்டார்கள். அவர் மறுபடி மறுபடி அதையே, பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வதைப் போலச் சொன்னார். சத்தம் குறைந்தது. பாஸ்டருக்குத் தொண்டை கட்டிவிட்டது. அத்தான் எழுந்து சொம்பில் தண்ணீர் மொண்டு முதலில் அவருக்குக் கொடுத்தார். பிறகு மாத்திரை டப்பாவை எடுத்து, மைனி பார்க்க, மதிய மாத்திரையைப் போட்டுக்கொண்டார்.

"அக்கா, சாப்பிட்டுட்டுப் போ" என்றார்.

மைனி அழுதுகொண்டே போனார். அவர் பாசம் எனக்குத் தெரியும்.

அடுக்களை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குள்ளிருந்து வேறு ஏதாவது குரல் வரும் என்று நானும் காத்திருந்தேன் போல. வராதபோது ஒரு ஏமாற்றம் மாதிரி. ஏமாற்றம் இல்லை, களைப்பு. அத்தனை பேருக்குக் காப்பி போட்ட களைப்பு.

இந்தப் பக்கத்தை டாக்டரிடம் காட்ட முடியாது.

மார்ச் 8, ஞாயிறு

கோவிலுக்கு நான் மட்டும் போனேன். அவர் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை.

மார்ச் 11, புதன்

பாடத்துக்குக் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். அத்தான் எதிரே உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு சுவிசேஷத்துல ஒரு ஆளுன்னு இருக்கு, இன்னொண்ணுல ரெண்டு ஆளுன்னு இருக்கு" என்றேன், சும்மா பேச்சுக்கு. "எது சரின்னு புத்தகத்துல ஆளுக்கொண்ணு எழுதியிருக்காங்க."

"ரெண்டு பேரா இருந்தா நல்லது" என்றார் அத்தான். "பேச்சுத் துணைக்கு."

அடுத்த பொத்தானை எடுத்துக்கொண்டு அவரே தொடர்ந்தார். "எப்சி, அவன் படவுல ஏறணும்னு கேட்டாம்லா. ஏன் கேட்டாம்னு புத்தகத்துல போட்டுருக்கா?"

பார்த்துச் சொன்னேன். நன்றியினால் என்று ஒரு புத்தகம். பிசாசு திரும்பி வந்துவிடும் என்ற பயத்தினால் என்று இன்னொன்று. சீஷனாக விரும்பினான் என்று ஐயர் கொடுத்த புத்தகம்.

அத்தான் நூலைக் கடித்தார். "படவுல இருக்கவங்க யாரும் அவனை முன்னால பார்த்தது கெடையாது. சங்கிலி போட்டது, அம்மணமா ஓடுனது, ஒண்ணும் பார்க்கல. ஊர்ல இருக்கவன் அவன் எப்ப உக்காந்தாலும் எந்திரிச்சாலும் அதைத்தான பார்ப்பான்."

அடுப்பில் பால் வைத்திருந்தேன். எழுந்து போய்விட்டேன். பால் இன்னும் காயவில்லை.

மார்ச் 14, சனி

காலையில் என் அறைக் கதவு திறக்கவில்லை. உள்தாழ்ப்பாள் இறுகிவிட்டது. புதிது, டிசம்பரில் போட்டது, கதவு ஈரத்தில் இறங்கியதில் கொண்டி கோணிவிட்டது. இரண்டு கையாலும் இழுத்தேன், அசையவில்லை. ஜன்னலும் அந்த அறையில் சின்னது. அத்தானைக் கத்திக் கூப்பிட்டேன். கதவைத் தட்டினேன்.

"எப்சி, பதட்டப்படாத" என்று வெளியே அத்தான் குரல். "தள்ளி நில்லு. ஸ்க்ரூ டிரைவர் எடுத்துட்டு வாரேன்."

கீல் பக்கத்துத் திருகுகளைக் கழற்றிக் கதவை அப்படியே தூக்கி எடுத்து வைத்தார். வியர்வையோடு உள்ளே வந்தார். தாழ்ப்பாளைப் பார்த்தார். பழைய கொக்கி ஒன்று கீழே இருக்கிறது, அதற்கு மேலே நான் போட்ட இந்தப் பெரிய இரும்புத் தாழ்ப்பாள். அதைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

"கள்ளம்மாரு தொந்தரவுன்னு போட்டேன்" என்றேன். "நீங்க இல்லாதப்ப."

"நல்லது" என்றார்.

பிறகு அவர் செய்ததை எழுத வேண்டும். தாழ்ப்பாளைக் கழற்றினார். கொண்டியைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தினார். மிஷின் எண்ணெய் நான்கு சொட்டு விட்டார். கதவை மாட்டி, தாழ்ப்பாளைப் பழைய இடத்திலேயே, இன்னும் கொஞ்சம் நீளமான திருகு போட்டு முடுக்கினார். என்னைக் கூப்பிட்டு, "போட்டுப் பாரு" என்றார். போட்டேன். 'டக்' என்று ஒரே சத்தத்தில் விழுந்தது.

"இப்பச் சுளுவா இருக்கும்" என்றார். காப்பி கேட்டார்.

மார்ச் 15, ஞாயிறு

தென்காசி இல்லத்திலிருந்து மேனேஜர் போன் பண்ணினாராம். அங்கே தையல் மிஷின் சும்மா கிடக்கிறது, படுக்கை விரிப்பு, உடுப்பு எல்லாம் தைக்க ஆள் இல்லை, வேலையாளாகவே வந்து தங்கிக்கொள்ளலாம் என்றாராம். மதியச் சாப்பாட்டில் சொன்னார்.

"நீ சரின்னு சொன்னாப் போறேன்" என்றார். "வேண்டாம்னாப் போகல."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மோர் ஊற்றும்போது, "அங்க ஒங்களுக்கும் வேலை இருக்கும், மனசுக்கு நல்லது" என்று சொல்லிவிட்டேன்.

"சரி" என்றார். அவர் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்கிறார்.

மார்ச் 18, புதன்

லீவு போட்டுவிட்டுக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு பஸ் மாறி, அங்கிருந்து கொஞ்ச தூரம் நடை. மலை தெரியும் இடம். கேட்டுக்குள் நுழைந்ததும் ஒருவர், "டைலர் அண்ணாச்சி வந்தாச்சு" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினார். அங்கே இருக்கிறவர்கள் ஒவ்வொருவராய் வந்து அவர் பையை வாங்கினார்கள், தோளைத் தொட்டார்கள். மெலிந்த ஆள் ஒருவர் தயங்கித் தயங்கி ஒரு தலையணை உறையை நீட்டினார்.

"நீங்க இல்லைனு நானே தைச்சேன் அண்ணாச்சி. நாலு பக்கமும் தைச்சிட்டேன். இப்ப தலையணையை எப்படி உள்ள விடுறதுன்னு தெரியல."

அத்தான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, அந்த ஆளின் தோளில் சாய்ந்து சிரித்தார். அந்த ஆளும் சிரித்தார்.

இந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு. கல்யாணமான புதிதில் என் அம்மா வீட்டுக் கோழி அவர் தலையில் ஏறி உட்கார்ந்தபோது இப்படித்தான் சிரித்தார். வீட்டில் இருந்த இந்த ஒரு மாதத்தில் ஒரு தடவைகூட இல்லை.

கேட் வரை வந்து வழியனுப்பினார். "கதவைச் சாத்திக்கோ" என்றார். "கேஸை மூடிட்டுப் படு."

திரும்பி வரும் பஸ்ஸில் என் பக்கத்து இடம் காலியாகவே வந்தது.

மார்ச் 20, வெள்ளி

வீட்டில் எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கிறது. தூக்கம், சாப்பாடு என்று யாருடையதைக் குறிப்பது என்று தெரியவில்லை. டாக்டருக்கு இனி இல்லத்திலேயே எழுதுவார்கள்.

மார்ச் 22, ஞாயிறு

இன்று கோவிலில் எல்லாரும் நின்று பேசினார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "நீயும் எவ்வளவுதான் தாங்குவ" என்றார்கள். "அவனுக்கும் அதான் நல்லது." ஐயரம்மா மதியம் சாப்பிடக் கூப்பிட்டார். மீன் குழம்பு. எல்லாரும் அன்பாக இருந்தார்கள். எனக்கு அந்த ஊரே நினைவுக்கு வந்தது, படவைத் தள்ளி விட்டுவிட்டுக் கரையில் நிம்மதியாக நின்றிருக்கும் ஊர்.

வீட்டுக்கு வந்து சேலை மாற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 24, செவ்வாய்

முட்டை வண்டி தாமதம். பிள்ளைகளுக்கு வெறும் சோறுதான் போட வேண்டி வந்தது.

மார்ச் 27, வெள்ளி

வேதப் படிப்பு முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

குறிப்பு எல்லாம் ஒழுங்காகத்தான் வைத்திருந்தேன். பழைய வியாக்கியானம் சொல்லும் பேராசையைச் சொன்னேன். லேகியோன் என்றால் ரோமப் பட்டாளம் என்று சொன்னேன். மனநோயைத்தான் அந்தக் காலத்தில் அப்படிச் சொன்னார்கள் என்று ஐயர் கருத்தைச் சொன்னேன். அப்படி இல்லை, நிஜமாகவே அசுத்த ஆவிகள்தான் என்று நம்புகிற சபைகளும் உண்டு என்றேன். புறஜாதிகளுக்கு முதலில் போய்ச் சாட்சி சொன்னவன் இவன்தான், அதற்காகத்தான் இயேசு வீட்டுக்கு அனுப்பினார் என்ற விளக்கத்தோடு முடித்தேன்.

தபேந்திராள் அக்கா கை தூக்கினார். "பன்னிக்காரனுக்கு நட்டத்தை யாரு கொடுத்தா?" எல்லாரும் சிரித்தோம்.

பிறகு பியூலா கேட்டாள். போன வருஷம் இந்த ஊருக்குக் கல்யாணமாகி வந்த பெண், எங்கள் கதை அவ்வளவாகத் தெரியாது. "அக்கா, அவன் வீட்டுக்குப் போனாம்லா. வீட்டுல யாரு இருந்தா?"

"எழுதல" என்றேன்.

"யாராவது இருந்திருப்பாங்கள்லா?"

குறிப்புத் தாளைப் பார்த்தேன். அதில் இல்லை. "ஒரு பொஞ்சாதி இருந்திருப்பா" என்றேன். யாரும் ஃபேனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்கள். நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன், முடியவில்லை. "அவன் கல்லறையில கெடந்த வரைக்கும் அவ அழுதிருப்பா. சொகமாக்கும்னு ஜெபம் பண்ணியிருப்பா. சொகமாகி வாசல்ல வந்து நிக்கும்போது அவளுக்குக் கதவைத் தொறக்கக் கை வந்திருக்காது. ஊர்க்காரங்க பயந்தாங்கன்னு வாசிக்கிறோம். ஊருன்னா யாரு? முதல்ல அவதான். கையில சோத்துத் தட்டை வச்சுக்கிட்டு, சிரிச்சுக்கிட்டே, பயந்துகிட்டே இருந்திருப்பா. அவன் அதைப் பார்த்திருப்பான். பார்த்துட்டு, அந்தப் படவு இன்னும் கரையில கெடக்கான்னு திரும்பிப் பார்த்திருப்பான்."

குறிப்புத் தாளை மடித்து வேதாகமத்துக்குள் வைத்தேன். ஐயரம்மா எழுந்து ஜெபம் பண்ணி முடித்து வைத்தார். பிறகு தேநீர் கொடுத்தார்கள். தபேந்திராள் அக்கா என் டம்ளரில் இன்னொரு கரண்டி சீனி போட்டுவிட்டுப் போனார்.

மார்ச் 28, சனி

காலையில் இல்லத்துக்குப் போன் பண்ணினேன். மேனேஜர் அத்தானைக் கூப்பிட்டுக் கொடுத்தார். பின்னால் மிஷின் ஓடும் சத்தம் நின்றது.

"நேத்துப் படிப்பு எப்படிப் போச்சு?" என்று கேட்டார். தேதியை நினைவு வைத்திருக்கிறார்.

"ஒழுங்காப் போகல."

"ஏன்?"

"அத்தான், நான் பயந்துட்டேன்" என்றேன். "படிப்புல இல்ல. வீட்டுல. நீங்க இருந்த அவ்வளவு நாளும் பயந்துகிட்டேதான் இருந்தேன்."

"தெரியும் எப்சி."

"இப்பவும் இருக்கு. போயிட்டுன்னு பொய் சொல்ல மாட்டேன்."

அவர் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. உட்கார்ந்துகொண்டார் போல.

"எனக்கும் இருக்கு" என்றார். "நீ தாழ் போடுத சத்தம் கேட்ட பெறவுதான் எனக்கு உறக்கம் வரும். நீ பத்திரமா இருக்கேன்னு. என்னையை நானே எங்க கட்டி வைக்க? அதான் அதை நல்லா முடுக்கி வச்சேன்."

எனக்கு அழுகை வந்தது. அவரும் அழுதாரா என்று தெரியவில்லை, மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. இத்தனை நாளும் ஒரே பயத்தை ஒரே வீட்டில் இரண்டு பேரும் தனித்தனியாக வைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

"ஈஸ்டருக்கு வருவியளா?" என்றேன்.

"வரட்டுமா?"

"நான் வந்து கூட்டிட்டு வாரேன்."

"தாழ்ப்பாளு?"

"அது இருக்கட்டும்" என்றேன். "வேணும்னாப் போட்டுக்கிடுதேன். நீங்களும் சத்தம் கேட்டு உறங்குங்க."

அவர் லேசாகச் சிரித்தார். அவ்வளவு பெரிய சிரிப்பு இல்லை.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

மூன்று மணி நேர ஆராதனை. வெயில். ஐயர் என்னிடம் வந்து, "நாளைக்கு அண்ணன் வர்றாங்களாமே, பாட்டுக் குழுவுல நாலஞ்சு அங்கி அளவு சரியில்ல, பார்த்துத் தர முடியுமான்னு கேளுங்கம்மா" என்றார். கேட்கிறேன் என்றேன். அவர் முகத்தைப் பார்த்தால் பயம் போனவர் மாதிரித் தெரியவில்லை. இருந்தாலும் கேட்டார்.

ஏப்ரல் 4, சனி

விடிந்ததும் கிளம்பிப் போய் அத்தானைக் கூட்டிக்கொண்டு வந்தேன். இல்லத்தில் அவர் தைத்த விரிப்புகளைக் கொடியில் காயப் போட்டிருந்தார்கள். நேர்த்தியான ஓரம்.

திருநெல்வேலியில் திருச்செந்தூர் பஸ் பிடித்தோம். இருவர் உட்காரும் சீட் கிடைத்தது. அவரை ஜன்னலோரம் உட்காரச் சொன்னேன், நீ உட்கார் என்றார். உட்கார்ந்தேன். ஐயர் அங்கி கேட்டதைச் சொன்னேன். "எத்தனை அங்கி?" என்றார். ஸ்ரீவைகுண்டத்துக்கு முன்னால் வயல்கள் வந்தன. ஆற்றுப் பாலம் வந்தது வரை நினைவிருக்கிறது.

கண் விழித்தபோது பஸ் நின்றிருந்தது. கண்டக்டர் எங்கள் மேலே குனிந்து நின்றார். வெளியே மொட்டைத் தலைகள், பூக்கடை, உப்புக் காற்று. திருச்செந்தூருக்கே வந்துவிட்டோம். சுகிர்தவிளையைத் தாண்டி எவ்வளவோ நேரம் ஆகியிருக்கும். என் தலை அத்தானின் தோளில் இருந்தது. முடி அவிழ்ந்து அவர் சட்டை மேலெல்லாம் கிடந்தது.

"ஏன் எழுப்பல?" என்றேன்.

"நல்லா உறங்கிட்டு இருந்த" என்றார்.

"நம்ம ஊரு வந்தது தெரியலையா?"

"தெரிஞ்சுது. செல் டவரைப் பார்த்தேன்." கொஞ்சம் தயங்கினார். "எழுப்ப மனசு வரல."

கண்டக்டர் இறங்கச் சொன்னார். முடியை அள்ளி முடிந்துகொண்டு எழுந்தேன். அத்தானும் எழுந்து மேலே இருந்த பையை எடுக்கக் கையைத் தூக்கினார், கை வரவில்லை. நான் சாய்ந்திருந்த பக்கம் அசையாமலே வைத்திருந்ததில் தோள் முதல் விரல் வரை மரத்துப்போயிருந்தது. இன்னொரு கையால் அதைத் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

பையை நான் எடுத்துக்கொண்டேன்.